பார்சிலோனாவோட கேம்ப் நோ ஸ்டேடியத்துல எதிரணி ஆளுங்க 30 ஆயிரம் பேர் எப்படி உள்ள வந்தாங்க? தப்பு யார் மேல?

திருச்சி கூலே

வணக்கம் மக்களே. நான் ரொனால்டீன்யோ காலத்துல இருந்து பார்சிலோனா ரசிகன், ரோமாகிட்ட தோத்தது, ஆன்ஃபீல்டுல தோத்தது, பயர்ன்கிட்ட 8-2 வாங்குனது எல்லாத்தையும் பாத்துட்டு அடுத்த வாரம் திரும்ப உக்காந்து மேட்ச் பாத்தவன். ஆனா 2022 ஏப்ரல் 14 மட்டும் இன்னும் ஆறவே இல்ல. யூரோப்பா லீக் (சாம்பியன்ஸ் லீக்குக்கு அடுத்த ஐரோப்பிய கப்) குவார்ட்டர் ஃபைனல், ஜெர்மன் டீம் ஃபிராங்ஃபர்ட் கூட ரெண்டு மேட்ச்ல ரெண்டாவது லெக். முதல் லெக் ஜெர்மனில 1-1, நம்ம வீட்ல ஒரு கோல் வித்தியாசத்துல ஜெயிச்சா போதும். டிவி போட்டா கோல்போஸ்ட் பின்னாடி, சைடுல, மேல அடுக்குல எங்க பாத்தாலும் வெள்ளை சட்டை. நாலாவது நிமிஷம் அவங்க கோஸ்டிச் பெனால்டி அடிச்சதும் வந்த சத்தம் இருக்கே, கமெண்டரி கேக்காதவனுக்கு மேட்ச் எந்த ஊர்ல நடக்குதுன்னே தெரிஞ்சிருக்காது. கடைசில 3-2 தோத்தோம், நம்ம ரெண்டு கோலும் இஞ்சுரி டைம்ல வந்தது, அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு.

ஃபிராங்ஃபர்ட்டுக்கு அதிகாரப்பூர்வமா குடுத்த டிக்கெட் 5,000. உள்ள இருந்தது சுமார் 30,000 பேர்னு எல்லா பேப்பர்லயும் வந்துச்சு. அன்னிக்கு மொத்த கூட்டமே 79,468 தான், அப்ப மூணுல ஒரு பங்குக்கு மேல அவங்க ஆளுங்க. மேட்ச் முடிஞ்சதும் கிளப் தலைவர் லாபோர்த்தாவே எனக்கு வெக்கமா இருக்குன்னு சொன்னார், அப்ப கோச்சா இருந்த சாவி கணக்கு தப்பாயிடுச்சுங்குற மாதிரி பேசுனார். நம்ம பாட்டு பாடுற ஸ்டாண்ட் ஆளுங்க செகண்ட் ஹாஃப் ஆரம்பிக்கும்போது எதிர்ப்பு காட்ட அவங்க இடத்தை காலியா விட்டாங்க, அதை பாத்தப்ப நெஞ்சு அடைச்சுக்கிச்சு எனக்கு.

என் கேள்வி என்னன்னா, இது உண்மையிலேயே எப்படி நடந்துச்சு? சந்தா கட்டுற மெம்பருங்க அவங்க சீட்டை வித்துட்டாங்கன்னு கிளப் சொல்லுது, கிளப் தான் வித்துச்சுன்னு மெம்பருங்க சொல்றாங்க. இப்ப ஸ்டேடியத்தை திரும்ப திறந்தாச்சு, கட்டி முடிச்சா 1 லட்சம் பேருக்கு மேல உக்காரலாம்னு சொல்றாங்க, பெரிய நாக் அவுட் மேட்ச்ல மறுபடி இது நடக்காதுன்னு என்ன நிச்சயம்? மத்த ஊர்ல எல்லாம் எப்படி பிரிச்சு வெக்கிறாங்க? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

கொங்கு கீப்பர்

ப்ரோ உங்க கோவம் நியாயமானதுங்க. எனக்கு தெரிஞ்ச வரைக்கும் சொல்றனுங்க. கேம்ப் நோல பாதிக்கு மேல சீட்டு சீசன் டிக்கெட் வெச்சிருக்கிற மெம்பருங்களோடது. அவங்க ஒரு மேட்ச்சுக்கு வரலீன்னா சீட்டை கிளப்கிட்ட ஒப்படைச்சுரலாம், அதுக்கு சேயந்த் லியூரேன்னு ஒரு ஏற்பாடு ரொம்ப வருஷமா இருக்குங்க. கிளப் அந்த சீட்டை வெளியாளுக்கு வித்து, வர்ற காசுல ஒரு பங்கை மெம்பருக்கு குடுக்கும். சாதாரண லீக் மேட்ச்ல அந்த சீட்டுல டூரிஸ்ட் வந்து உக்காருவாங்க, போட்டோ எடுப்பாங்க, போயிருவாங்க, யாருக்கும் தொந்தரவு இல்லீங்க. கிளப்புக்கு அது நல்ல வருமானம்.

அந்த மேட்ச் நடந்தது ஈஸ்டர் வாரத்து வியாழக்கிழமைங்க. ஊர்ல பாதிப்பேர் லீவுக்கு வெளியூர் போயிட்டாங்க, அதனால நிறைய சீட்டு காலி ஆச்சு, அத்தனையும் பொது விற்பனைக்கு வந்துருச்சு. ஜெர்மனில இருந்து ஆன்லைன்ல வாங்க முடியாதபடி தடுத்தோம்னு கிளப் சொல்லுச்சு. தடுத்து என்னங்க பிரயோஜனம், ஸ்பெயின்ல இருக்கிற ஃப்ரெண்டு வாங்கி குடுக்கலாம், ஏஜென்சி வாங்கி கை மாத்தலாம், ரீசேல் சைட்ல போய் எடுக்கலாம். டிக்கெட்டுல பேரே இல்ல, கையில வெச்சிருக்கிறவன் உள்ள போலாம். இவ்ளோ தான் விஷயம்.

ஆக ரசிகர்களை பிரிக்கிறதுங்கிறது கேட்ல நிக்கிற செக்யூரிட்டியோட வேலை மட்டும் இல்லீங்க, டிக்கெட் விக்கிறப்பவே பாதி வேலை முடிஞ்சிருக்கணும். ஐரோப்பிய ஃபுட்பால் அமைப்பு யூஏஃபா விதிப்படி வர்ற டீமுக்கு 5 சதவீத இடம், 99,000 சீட்டுக்கு அது கிட்டத்தட்ட 5,000, அவங்களை மேல மூணாவது அடுக்கு மூலைல தனியா உக்கார வெப்பாங்க, கீழ இறங்க முடியாது, மேட்ச் முடிஞ்சும் கொஞ்ச நேரம் நிறுத்தி வெச்சு தான் வெளிய விடுவாங்க. அந்த 5,000 பேருக்கு எல்லா ஏற்பாடும் ஒழுங்கா இருந்துச்சு. மீதி 25,000 பேர் நம்ம ஆளுங்க நடுவுல, குடும்பத்தோட வந்தவங்க பக்கத்துல உக்காந்திருந்தாங்க. அன்னிக்கு பெருசா அடிதடி ஆகாம போனதுக்கு அந்த ஜெர்மன்காரங்க ஜெயிச்சுகிட்டே இருந்தது ஒரு காரணம்னு நான் நினைக்கிறனுங்க. தோத்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு யோசிச்சு பாருங்க.

மதுரை லெஃப்ட் விங்

நான் ஒத்துக்க மாட்டேன்ணே. கிளப் மேல தப்பு இருக்கு, இல்லைங்கல, ஆனா மெம்பர் மேல இல்லைன்னு எப்படி சொல்றீங்க. நான் வேலைக்கு போயி ரெண்டு வருஷம் சேத்து வெச்சா கூட அந்த ஸ்டேடியத்துல ஒரு மேட்ச் பாக்க முடியுமான்னு தெரியல, அங்கயே பொறந்து வளந்து தாத்தா காலத்து சீட்டு வெச்சிருக்கவன் ஒரு குவார்ட்டர் ஃபைனலுக்கு சீட்டை விட்டுட்டு பீச்சுக்கு போறான், அந்த காசுல அடுத்த வருஷ சந்தால கொஞ்சம் கழிஞ்சா போதும்ங்குறான். யூரோப்பா லீக் தானேன்னு ஒரு அலட்சியம். அந்த அலட்சியம் தான் 30,000 பேரை உள்ள விட்டுச்சு. ஃபிராங்ஃபர்ட்காரனுக்கு அது தான் வாழ்க்கையிலயே பெரிய ராத்திரி, அவன் வந்தான். யார் வீடுன்னு கத்தி சொல்லணும்ல, நம்ம ஆளுங்க சொல்லல.

மைன் நதிக்கரை

எல்லாருக்கும் வணக்கம், நான் ஃபிராங்ஃபர்ட்ல மாஸ்டர்ஸ் படிச்சுட்டு இங்கயே வேலை பாக்குறேன். பார்சா ரசிகனும் கூட, அதனால அந்த நாள் எனக்கு ரெண்டு பக்கமும் தெரியும். யாரோட யார்னு குலுக்கல்ல முடிவான அன்னிலேர்ந்து எங்க லேப்ல ஃபுட்பால் பாக்குற அத்தனை பேரும் டிக்கெட் பேச்சு தான். கிளப் மூலமா கிடைக்காதுன்னு அவங்களுக்கு தெரியும், ஆனா எப்படியாவது போயிடணும்னு முடிவு பண்ணிட்டாங்க. வேற நாட்டுல இருக்கிற சொந்தக்காரங்களை வெச்சு வாங்குனாங்க, முகம் தெரியாத ஆள்கிட்ட கூட வாங்குனாங்க. டிக்கெட்டே இல்லாம கிளம்பி போனவங்களும் இருக்காங்க. எல்லாரும் வெள்ளை போடணும்னு ரசிகர்களே பேசி வெச்சுக்கிட்டாங்க, அதனால தான் டிவில அவ்ளோ தெளிவா தெரிஞ்சுது. அடுத்த மாசம் 18ஆம் தேதி செவிய்யால ரேஞ்சர்ஸ பெனால்டில ஜெயிச்சு கப்பையே தூக்கிட்டு வந்தாங்க, ஊர் முழுக்க ரோட்ல தான் இருந்துச்சு. அவங்க மேல எனக்கு கோவமே வரல, உண்மையா சொல்றேன்.

ஆனா இது முதல் தடவை இல்ல, அதுக்காக தான் எழுத வந்தேன். 2017 செப்டம்பர்ல இதே மாதிரி லண்டன்ல நடந்துச்சு. கொலோன் டீமுக்கு 25 வருஷம் கழிச்சு ஐரோப்பிய மேட்ச், ஆர்சனல் கிரவுண்ட்ல. அவங்களுக்கு குடுத்தது 2,900 டிக்கெட், லண்டன் வந்து இறங்குனது சுமார் 20,000 பேர். நகரத்துக்குள்ள ஊர்வலம், கேட்ல தள்ளுமுள்ளு, மேட்ச்சே ஒரு மணி நேரம் லேட்டா தான் ஆரம்பிச்சுது. உள்ள ஆர்சனல் ரசிகர்கள் உக்காருற பகுதி பூரா கொலோன் ஆளுங்க. ஒரு ஜெர்மன் கிளப் ரொம்ப நாள் கழிச்சு ஐரோப்பால ஆடுனா அவங்க ரசிகர்கள் எப்படி கிளம்பி வருவாங்கன்னு அஞ்சு வருஷம் முன்னாடியே ஊருக்கே தெரிஞ்சு போச்சு. பார்சா நிர்வாகத்துக்கு மட்டும் தெரியாம போச்சுன்னா என்ன சொல்றது. அந்த இடத்துல தான் எனக்கு கோவம் வருது.

ஈஸ்ட்ஹாம் பொடியன்

நான் லண்டனில ஈஸ்ட் ஹாமில இருக்கிறன், சின்னனில இருந்து வெஸ்ட் ஹாம் ரீம் ரசிகன் தான். பழைய அப்டன் பார்க் கிரவுண்ட் எங்கட வீட்டில இருந்து நடக்கிற தூரம், கிரீன் ஸ்ட்ரீட்டில மட்ச் நாளில எங்கட தமிழ்க் கடைக்காரர் எல்லாம் கடைக்கு முன்னால நிண்டு சனம் போறதைப் பாப்பினம். 2016 மே மாசம் கடைசி மட்ச், மன்செஸ்ரர் யுனைற்றட்டோட 3-2, அதோட அந்த இடத்தை விட்டிட்டு ஒலிம்பிக் ஸ்ரேடியத்துக்குப் போனம்.

அங்க நடந்தது இன்னொரு விதமான பிழை. பார்சாவுக்கு நடந்தது ரிக்கெற் வித்த இடத்தில, எங்களுக்கு நடந்தது ஸ்ரேடியத்துக்குள்ள. அது ஓட்டப்போட்டிக்குக் கட்டின ஸ்ரேடியம், 2012 ஒலிம்பிக்ஸுக்கு. முதல் சில மாசம் வீட்டில நடந்த மட்சுகளிலயே பிரச்சினை, வந்த ரீம் ஆக்களும் எங்கட ஆக்களும் வெளிய ஒரே பாதையில போய் வந்தவை, உள்ளுக்க ரெண்டு பேருக்கும் நடுவில விட்ட இடம் காணாது. அதோட எங்கட ஆக்களுக்குள்ளயே சண்டை. பழைய கிரவுண்டில நிண்டு பாடின ஆளையும் பிள்ளைகளோட வாற குடும்பத்தையும் பக்கத்தில பக்கத்தில போட்டா என்ன நடக்கும்? ஒருத்தர் இருங்கோ எண்டுவார், மற்றவர் இருக்கமாட்டன் எண்டுவார். பொலிஸ்ஸின்ர ரேடியோ உள்ளுக்க ஒழுங்கா வேலை செய்யேல்லை எண்டு அவை ஆரம்பத்தில உள்ளுக்க நிக்கவே இல்லை, எல்லாத்தையும் சனத்தை ஒழுங்குபடுத்திற ஸ்ருவர்டுகளின்ர தலையில விட்டாச்சு. அந்த வருசம் அக்ரோபர் 26 செல்சியோட கப் மட்ச், நாங்கள் 2-1 வெண்டம், ஆனா நாணயக் குத்தி, போத்தல், கழட்டின கதிரை எல்லாம் ரெண்டு பக்கமும் பறந்தது, கடைசியில கலகம் அடக்கிற பொலிஸ் உள்ளுக்க வந்தது.

இதில முக்கியமான விசயம், ஸ்ரேடியம் கிளப்பின்ர சொத்து இல்லை. கிளப் வாடகைக்கு இருக்கு, 99 வருச ஒப்பந்தம். ஸ்ருவர்டு ஆக்களை வைக்கிறது நடத்துற நிறுவனம். அப்ப பிள்ளையோட வந்த தகப்பன் ஆரிட்டப் போய் முறையிடுறது? கிளப்பிட்டக் கேட்டா நடத்துறவை எண்டும், அவையைக் கேட்டா கிளப் எண்டும் தான் பதில். 2018 மார்ச்சில பேர்ன்லியோட 3-0 தோத்த அண்டைக்கு சனம் மைதானத்துக்குள்ள இறங்கி, நிர்வாகிகள் இருந்த இடத்துக்கு முன்னால போய் கத்தினது எல்லாரும் பாத்தது தானே. வெறும் தோல்விக்கு வந்த கோவம் இல்லை தம்பி அது, எங்கட வீட்டைப் பறிச்சுப்போட்டு இஞ்ச கொண்டுவந்து விட்டிட்டினம் எண்ட கோவம்.

பழைய பேக்

தம்பிங்களா, எனக்கு வயசு அறுபதை தாண்டிடுச்சு, அதனால கொஞ்சம் பழைய கதை சொல்றேன், பொறுத்துக்கோங்க. டிக்கெட் விக்கிறப்பவே பாதி வேலை முடியணும்னு கொங்கு தம்பி சொன்னாரே, அதுக்கு 39 உயிர் சாட்சி இருக்கு. 1985 மே 29, பிரஸ்ஸல்ஸ்ல ஹெய்சல் ஸ்டேடியம், லிவர்பூலுக்கும் யுவெண்டஸுக்கும் ஐரோப்பிய கப் ஃபைனல். ஒரு பக்கத்துல லிவர்பூல் ஆளுங்க, அதுக்கு ஒட்டுனாப்ல இசட் பிளாக்னு ஒண்ணு, அது பொதுவானவங்களுக்கு, பெல்ஜியம்காரங்களுக்குன்னு வெச்சது. பெல்ஜியத்துல எவ்வளவு இத்தாலிக்காரங்க குடும்பம் குடும்பமா இருக்காங்கன்னு யாரும் யோசிக்கல, அந்த டிக்கெட் எல்லாம் அவங்க கைக்கு போயிடுச்சு. ரெண்டு கூட்டத்துக்கும் நடுவுல ஒரு லேசான கம்பி வலை, நாலஞ்சு போலீஸ். லிவர்பூல் ஆளுங்க வலையை தள்ளிட்டு பாஞ்சாங்க, அந்த பக்கம் இருந்தவங்க ஓட இடம் இல்லாம சுவத்துல போய் நசுங்குனாங்க, சுவரும் இடிஞ்சு விழுந்துச்சு. செத்ததுல பெரும்பாலும் இத்தாலிக்காரங்க, பாதிக்கு மேல அந்த பொது டிக்கெட்டை நம்பி உள்ள வந்த சாதாரண ஜனம்.

அதுக்காக கம்பி கூண்டு போட்டு அடைச்சா சரியாயிடும்னு யாராவது நினைச்சா அதுவும் இல்ல. 1989 ஏப்ரல் 15 இங்கிலாந்துல ஹில்ஸ்பரோ ஸ்டேடியத்துல ஆளுங்க மைதானத்துக்குள்ள இறங்காம இருக்க போட்ட கூண்டு தான் 97 பேர் உயிரை எடுத்துச்சு, போலீஸ் கதவை தொறந்துவிட்டு கூட்டத்தை ஏற்கனவே நெரிசலா இருந்த இடத்துக்கே அனுப்பிட்டாங்க. அதுக்கு அப்புறம் தான் இங்கிலாந்துல வேலியை எடுத்துட்டு, பெரிய கிரவுண்டுகள்ல எல்லாருக்கும் சீட்டுன்னு கொண்டு வந்தாங்க, நடுவுல ஆள் உக்காராத காலி வரிசை, ரெண்டு பக்கத்துக்கும் வேற வேற வாசல்னு வெச்சு பிரிக்கிறாங்க. பிரிக்கிறதுன்னா ஆடு மாடு மாதிரி அடைக்கிறது இல்லப்பா.

கல்கத்தா டைரி

ஐயா சொன்னதோட நம்ம நாட்டு கதையும் சேத்துக்கோங்க. நான் வேலைக்காக கொல்கத்தா வந்தவன், இங்க ஆகஸ்ட் 16ன்னா பழைய ஃபுட்பால் ஆளுங்க முகமே மாறிடும். 1980ல அந்த நாள் ஈடன் கார்டன்ஸ்ல மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் டெர்பி, அதாவது ஒரே ஊர் டீம் ரெண்டு மோதுற மேட்ச். ரெண்டு டீம் ரசிகர்களையும் கலந்து ஒரே ஸ்டாண்ட்ல உக்கார வெச்சிருந்தாங்க. மைதானத்துல ரெண்டு பிளேயருக்கு நடுவுல முட்டல், அது அப்படியே கேலரிக்கு பரவி, செங்கல் கல்லு வீச்சு, படிக்கட்டுல நெரிசல், 16 பேர் செத்துட்டாங்க. சின்ன பசங்க, வேலைக்கு போறவங்க. இன்னிக்கும் அந்த நாள்ல அவங்க நினைவா ரத்ததான முகாம் நடத்துறாங்க. இங்க சால்ட் லேக் ஸ்டேடியத்துல இப்ப டெர்பி பாக்க போனா நீ எந்த டீம்ங்குறதை வெச்சு தான் டிக்கெட், வாசல், ஸ்டாண்ட் எல்லாமே.

நுங்கம்பாக்கம் த்ரோஇன்

இதை படிக்க படிக்க எனக்கு நம்ம ஊர் ஞாபகம் தான் வருது. எந்த மேட்ச், எந்த வருஷம்னு சொல்லல, பக்கத்து மாநில டீம் வந்தா நம்ம ஹோம் ஸ்டாண்ட் பாதி அவங்க கலர்ல இருக்கும். அவங்களும் இதே ஊர்ல வேலை பாக்குறவங்க, படிக்கிறவங்க, வர கூடாதுன்னு யாரும் சொல்லல, கூட்டம் வர்றது நல்லது தான். என் பொண்ணுக்கு ஒன்பது வயசு, நம்ம டீம் ஜெர்சி போட்டு கூட்டிட்டு போனேன், முன்னாடி பின்னாடி ரெண்டு வரிசையும் அவங்க ஆளுங்க, கோல் விழுந்ததும் குதிச்சு கத்துறாங்க, தண்ணி பாட்டில் பறக்குது. அந்த பிள்ளை பயந்து என் சட்டைய புடிச்சுக்கிச்சு. அங்க நின்ன ஸ்டுவர்ட்கிட்ட வேற இடம் குடுங்கன்னு கேட்டேன், எங்க சீட்டு இருக்கோ போய் உக்காருங்க சார்னு சொல்லிட்டு அவர் மேட்ச் பாக்க திரும்பிட்டார். அதுக்கப்புறம் மேட்ச்சுக்கு போலாமான்னு நான் கேட்டா டிவிலயே பாக்கலாம்பாங்குது. ஒரு ரசிகையை அப்படியே இழந்துட்டோம்ல, அது யார் கணக்குலயும் வராது.

திருச்சி கூலே

எல்லாருக்கும் நன்றி, இவ்ளோ விஷயம் வரும்னு நினைக்கல. ஹெய்சல் கதைல அந்த பொது டிக்கெட் விவரம் எனக்கு தெரியாது, படிச்சுட்டு கொஞ்ச நேரம் எதுவும் எழுத தோணல. @மதுரை லெஃப்ட் விங், உங்க கோவம் புரியுது, ஆனா லீவுக்கு போறவன் சீட்டை கிளப்கிட்ட தானே ஒப்படைச்சான், கிளப் சொன்ன வழில தானே? அதுக்கப்புறம் யாருக்கு விக்கணும்னு முடிவு பண்ணது கிளப். டிக்கெட் காசு மில்லியன் கணக்குல உள்ள வந்துச்சு, அப்ப யாரும் நிறுத்துங்கன்னு சொல்லல. மேட்ச் முடிஞ்ச அப்புறம் தான் இனிமே ஐரோப்பிய மேட்ச்சுக்கு பேர் போட்ட டிக்கெட்னு அறிவிச்சாங்க. முன்னாடியே முடிஞ்சிருக்கும்ல அது?

இன்னொன்னும் மனசுல இருக்கு. அன்னிக்கு இடத்தை காலியா விட்டு எதிர்ப்பு காட்டுன அதே பாட்டு ஸ்டாண்டை 2024 கடைசில, கேம்ப் நோ வேலை நடந்தப்ப தற்காலிகமா ஆடுன மோன்ட்யூயிக் ஸ்டேடியத்துல மூடிட்டாங்க, 21,000 யூரோ அபராதம் கட்டலன்னு காரணம் சொல்லி. தப்பு பண்ணவன் கட்டணும், சரி. ஆனா 30,000 பேரை உள்ள விட்ட தப்புக்கு யார் என்ன கட்டுனாங்க?

கொங்கு கீப்பர்

பேர் போட்ட டிக்கெட்ல ஒரு சிக்கல் இருக்குதுங்க, அதையும் சொல்லோணும். வாசல்ல ஒவ்வொருத்தர் அடையாள அட்டையும் பாத்து உள்ள விட்டா அரை மணி நேரத்துல 80,000 பேர் எப்படி போவாங்க? பாக்காம விட்டா பேர் போட்டதுக்கு அர்த்தமே இல்லீங்க. அப்பறம் உடம்பு சரியில்லாத மெம்பர் தன் பேரனுக்கு குடுக்குறதுக்கு கூட கிளப்கிட்ட போய் மாத்தோணும். நியாயமான ஆளுக்கு தான் தொல்லை அதிகம். என்னை கேட்டா நாக் அவுட் மேட்ச்சுக்கு மட்டும், மெம்பர் விட்ட சீட்டை முதல்ல காத்திருக்கிற மெம்பருங்களுக்கு, அடுத்து உள்ளூர் ஆளுங்களுக்கு, மீந்தா மட்டும் வெளியாளுக்குன்னு வரிசை வெச்சா போதுங்க. வருமானம் குறையும், குறையட்டும். 2025 டிசம்பர்ல அதே ஃபிராங்ஃபர்ட் திரும்ப கேம்ப் நோ வந்து நாம 2-1 ஜெயிச்சோம், அன்னிக்கு ஸ்டேடியம் நம்மளுதா இருந்துச்சு பாத்தீங்களா. மனசு வெச்சா முடியுது.

மதுரை லெஃப்ட் விங்

@திருச்சி கூலே ஒப்படைச்சவனை நான் சொல்லலண்ணே, ஆன்லைன்ல ஜெர்மன்காரனுக்கு நாலு மடங்கு விலைக்கு தள்ளுனவன் இருக்கான்ல, அவனை சொல்றேன். அவன் சீசன் டிக்கெட்டை புடுங்கி காத்திருக்கிற லிஸ்ட்ல முதல் ஆளுக்கு குடுக்கணும். அதுல மாத்து கருத்தே கிடையாது எனக்கு.

மைன் நதிக்கரை

அதுல நானும் உங்க பக்கம் தான். ஒரு சின்ன விஷயம், இங்கேர்ந்து யாராவது பார்சா மேட்ச் பாக்க போறதா இருந்தா கிளப் சைட்ல மட்டும் உங்க சொந்த பேர்ல வாங்குங்க, எதிரணி மூலைய ஒட்டுன மேல் அடுக்கு வேணாம், பிள்ளைகளோட போனா சைடு ஸ்டாண்ட் எடுங்க. வெளிய கை மாத்தி வாங்குனா வாசல்லயே நிறுத்திடலாம், காசும் திரும்ப வராம போகலாம்.